அந்தமானில் பத்து நாட்கள்

(நம் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஸார், நீங்கள் அந்தமான் போய் வந்தீர்களாமே, அதைப்பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது நான் சற்று யோசித்தேன். நான் பேச்சாளன் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, 37 வருஷம் மத்திய அரசில் கோப்புகளோடு காலம் தள்ளியவன். கோப்பில் குறிப்பு எழுதத் தெரியும். மேடையில் பேசத் தெரியாது. ஆனாலும் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில். வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையோ வருகிறார்கள், மூன்று வாரம் இருக்கிறார்கள், போகிறார்கள். அந்த மூன்று வாரத்தைப்பற்றித்தான் நான் பேசப்போகிறேன். அந்தமான் அதற்கு ஒரு சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த மூன்று வாரம் வழக்கமாக எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம். வந்து இறங்கியதும் நான்கு நாள் தூக்கம் பிடிபடாது. நடுராத்திரி இரண்டு மணிக்குப் பேரன் விளையாடுவான். பகல் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சாய்வான். ஐந்தாம் நாள் குலதெய்வம் கோயில். பிறகு பல் டாக்டர், கண்ணாடிக் கடை, வங்கியில் கே.ஒய்.சி. நடுவில் இரண்டு கல்யாணம், ஒரு சஷ்டியப்த பூர்த்தி. "அவாத்துக்குப் போய்ட்டு இவாத்துக்குப் போகலேன்னா தப்பா நினைச்சுப்பா" என்று ஒரே நாளில் ஐந்து வீடு, ஐந்து காபி. குழந்தைகளுக்கு வயிறு கெட்டுப்போகும். கடைசி இரண்டு நாள் பெட்டி. குளியலறை எடை மெஷினில் பெட்டியை ஏற்றி, 23 கிலோவுக்கு மேல் போனால் வடாமை எடுப்பதா, பருப்புப் பொடியை எடுப்பதா என்று விவாதம். நள்ளிரவில் டாக்ஸி வரும். அது கிளம்பிப் போன பிறகுதான், பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லையே என்று ஞாபகம் வரும்.

எங்கள் வீட்டில் 2022 டிசம்பரில் இதற்கும் மேலே ஒன்று நடந்தது. புறப்படும் நாளுக்கு முதல் நாள் இரவு. இந்தப் பழைய வீட்டை விற்றுவிட்டு, கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்பு ஒன்றுக்குப் போகலாமே என்று என் பிள்ளை ஆரம்பித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வந்துட்டுப் போறவன். இருக்கறவாளுக்குத்தான் கஷ்டம் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. என் மாட்டுப்பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் விமான நிலையத்தில் நமஸ்காரம் பண்ணினான், ஆசீர்வாதம் பண்ணினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சீதோஷ்ணத்தைப்பற்றிப் பேசினோம்.

அந்த வார்த்தை என்னுடையது இல்லை. 1984-இல் என் அப்பா என்னிடம் சொன்ன வார்த்தை அது. எப்போது சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பதைச் சொல்ல நான் போர்ட் பிளேருக்குப் போக வேண்டும்.

1983 முதல் 1986 வரை எனக்கு அங்கே உத்தியோகம். சென்னையிலிருந்து கடல் வழியாகச் சுமார் 1,190 கிலோமீட்டர். அப்போது நாங்கள் பெரும்பாலும் கப்பலில்தான் வருவோம். எம்.வி. ஹர்ஷவர்த்தனா என்ற கப்பலின் பெயர் அந்தக் காலத்து அந்தமான்வாசிகள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கடல் சாதுவாக இருந்தால் மூன்று நாள், இல்லாவிட்டால் கூடுதல். வருஷத்தில் ஒரு தடவை ஒரு மாத லீவ். அதில் போக மூன்று, வர மூன்று; கப்பல் தேதி அறிவிப்புக்குக் காத்திருந்தது போக, ஊரில் இருபது நாள் இருந்தால் அதிகம். அந்த இருபது நாளும் இப்போது நம் பிள்ளைகளுக்கு ஆகிறதே, அதே கதைதான். பெட்டியில் வடாமுக்குப் பதிலாகச் சங்கும் சிப்பியும் படாக் மரத்தில் செய்த முக்காலியும் இருக்கும். சிறு வித்தியாசம், அவ்வளவே.

1984 லீவில், அப்பாவின் கண் ஆபரேஷனைப்பற்றி நான் ஏதோ யோசனை சொல்லப் போக, அவர் "நீ வந்துட்டுப் போறவன். இருக்கறவன் உன் தம்பி" என்றார். நான் வாய் மூடிக்கொண்டேன். அதே வார்த்தையை 38 வருஷம் கழித்து என் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன் என்பது, அவன் விமானம் ஏறிப் போன பிறகு ஒரு நாள் விடியற்காலையில்தான் எனக்கு உறைத்தது.

2024 டிசம்பரில் அவர்கள் வருவதாகச் சொன்னபோது நான் ஒரு தீர்மானம் செய்தேன். "பத்து நாள் எனக்குக் கொடு. நாம் ஆறு பேரும் போர்ட் பிளேர் போகலாம்" என்றேன். டிசம்பர் ஸீஸனில் சென்னையை விட்டுப் போவதா என்று மாட்டுப்பெண்ணுக்குக் கொஞ்சம் வருத்தம். இரண்டு கச்சேரி டிக்கெட்டைத் தியாகம் பண்ணினாள். உறவினர்களில் சிலருக்கும் வருத்தம். என் மனைவி மட்டும், "முழங்கால் வலிச்சாலும் பரவாயில்லை, போகலாம்னா" என்றாள். அவள் தனிக்குடித்தனம் நடத்திய முதல் ஊர் அது.

டிசம்பர் 24-ஆம் தேதி புறப்பட்டோம். மூன்று நாள் கப்பலில் போன தூரத்துக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம் போல ஆயிற்று. 2023 ஜூலையில் திறந்த புது நிலையக் கட்டிடம், சிப்பி வடிவக் கூரையோடு அழகாக இருக்கிறது. ஊருக்கும் பெயர் மாறிவிட்டது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு 'ஸ்ரீ விஜய புரம்' என்று பெயர் வைத்தது. முதலாம் ராஜேந்திர சோழன் 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படை அனுப்பினான் அல்லவா, அந்தச் சரித்திரத் தொடர்பு. அவன் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' என்று வருவது நிக்கோபார்தான் என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்வார்கள். ஆனாலும் பழக்கம் விடுமா? நானும் டாக்ஸிக்காரரும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

விமான நிலையத்தில் ஒரு சம்பவம். நானும் மனைவியும் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். அவர்கள் நால்வரும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்; ஆகவே தனி வரிசையில் நின்று, படிவம் நிரப்பிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சட்டம் அப்படி, அந்த அதிகாரி மிக மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் இதே ஊரில் மூன்றாம் வகுப்புப் படித்தவன், இதே ஊர்ப் பையன்களோடு ஹிந்தியில் சண்டை போட்டவன், வெளிநாட்டவர் வரிசையில் நிற்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. வெளியே வந்ததும் அவன் சிரித்துக்கொண்டு, "அப்பா, இங்கே படிச்சேன்னு சொன்னேன், அந்த ஆபீஸர் நம்பவே இல்லை" என்றான்.

அங்கே நமக்குத் தமிழ் பேச ஆள் கிடைக்காதே என்று யாரும் பயப்பட வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மொத்த ஜனத்தொகை 3 லட்சத்து 80 ஆயிரம் சுமார். அதில் வங்காளிக்கும் ஹிந்திக்கும் அடுத்தபடி தமிழ்தான் தாய்மொழி; சுமார் 15 சதவீதம். வெற்றிமலை முருகன் கோயிலில் மார்கழிக் காலையில் போய் நின்றால் மாம்பலத்தில் நிற்பதுபோல்தான் இருக்கும். சாப்பாட்டுக்கும் கஷ்டம் இல்லை. இருந்தாலும் என் மனைவி புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்து வந்திருந்தாள். பேரனுக்குச் சுரம் வந்த ஒரு நாள் அதுதான் கைகொடுத்தது.

முதல் நாள் மாலை ஐந்தரைக்கெல்லாம் கும்மிருட்டு. "தாத்தா, ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்றான் பதினொரு வயதுப் பேரன். பௌதிகம் படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? காகிதமும் பென்ஸிலும் எடுத்தேன். இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடுவது. போர்ட் பிளேர் இருப்பது 92¾ டிகிரியில். வித்தியாசம் 10¼ டிகிரி. பூமி ஒரு டிகிரி சுற்ற 4 நிமிஷம். ஆக 41 நிமிஷம். கடிகாரம் மணி ஐந்து என்று சொல்லும்போது அந்த ஊர்ச் சூரியனுக்கு மணி ஐந்தே முக்கால் ஆகப்போகிறது. சென்னை 80¼ டிகிரி. அதற்கும் இதற்கும் 50 நிமிஷ வித்தியாசம். சந்தியாவந்தனம் பண்ணுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துப் பண்ண வேண்டிய ஊர் அது. இந்த 41 நிமிஷத்தால் எங்களுக்கு ஒரு பெரிய உபகாரம் ஆயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

25-ஆம் தேதி செல்லுலர் ஜெயில். 1896-இல் ஆரம்பித்து 1906-இல் கட்டி முடித்தது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள். இப்போது மூன்றுதான் மிச்சம். ஜெயில் வளாகத்திலேயே 1963-இல் ஆஸ்பத்திரி வந்தது. எங்கள் காலத்தில் பையனுக்குக் காய்ச்சல் என்றால் அங்கேதான் ஓடுவோம். 1979-இல் தேசிய நினைவுச் சின்னம் ஆயிற்று. ஒரு அறைக்குள் நுழைந்து பார்த்தாள் பதினாறு வயதுப் பேத்தி. எட்டாத உயரத்தில் ஒரு சின்னச் சாளரம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். ஆகவே ஒரு கைதியின் முகம் இன்னொருவனுக்குத் தெரியாது. ஆரம்ப காலத்தில் அரசியல் கைதிகளுக்கு வருஷத்துக்கு ஒரு கடிதம்தான் அனுமதி என்று சொன்னேன். "ஒரே ஒரு கடிதமா? அதில் என்ன எழுதுவது என்று எப்படித் தீர்மானிப்பார்கள்?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்தது. நாம் தினம் பேசுகிறோம். என்ன பேசுவது என்று தீர்மானிப்பதே இல்லை.

மறுநாள் டிசம்பர் 26. சுனாமி வந்து சரியாக இருபது வருஷம். 2004-இல் அது ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை ஆறரைக்கு ஒரு நிமிஷம் குறைய, சுமத்ரா அருகே 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. நான் சென்னையில் இருந்தேன். பழைய சகாக்களுக்குப் பல நாள் தொலைபேசி கிடைக்கவில்லை. இந்தத் தடவை எங்கள் டாக்ஸிக்காரர் சிப்பிகாட் என்ற இடத்துக்கு அழைத்துப்போனார். எங்கள் காலத்தில் அது வயலும் தோட்டமும். இப்போது உப்புத் தண்ணீர், நிறையப் பறவைகள். தண்ணீர் வந்து வடியவில்லையா என்றான் பேரன். வடியவில்லை, ஏனென்றால் நிலமே இறங்கிவிட்டது என்று விளக்கினேன். ஒரு பெரிய பாறைத் தட்டு இன்னொன்றின் கீழ் மெல்லச் சொருகிக்கொண்டே போகிறது. மேல் தட்டின் விளிம்பு அதோடு ஒட்டிக்கொண்டு, வளைத்த மூங்கில்போல் பல நூறு வருஷம் இழுபடுகிறது. ஒரு நாள் விடுபடுகிறது. விளிம்பு மேலே எழும்புகிறது. அதற்குப் பின்னால் உள்ள பகுதி தாழ்கிறது. வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப் பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டன. தென் அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் 4 மீட்டருக்கும் மேல் இறங்கி, கலங்கரை விளக்கம் கடலுக்குள் நிற்கிறது.

எங்கள் டாக்ஸிக்காரரும் தமிழர்தான். அவருடைய தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1964-இல் சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்றே, அதன்படி திரும்பி வந்த குடும்பங்களில் சிலவற்றை 1970-களில் நிக்கோபார் கூட்டத்தைச் சேர்ந்த கச்சல் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அப்படி வந்த குடும்பம். 2004-இல் கச்சலில் பெரும் நாசம். அவருடைய அத்தையைக் கடல் கொண்டுபோயிற்று. "எங்க தாத்தா மூணு ஊரை ஊருன்னு சொல்லுவாரு சார். புதுக்கோட்டை, பதுளை, கச்சல். கடைசி வரைக்கும் 'ஊருக்குப் போகணும்'னு சொல்லுவாரு. எந்த ஊர்னு நாங்க கேக்க மாட்டோம்" என்றார். வண்டியில் நாங்கள் ஆறு பேரும் பேசாமல் வந்தோம்.

28-ஆம் தேதி சாத்தம் தீவுக்குப் போனோம். 1883-இல் ஆரம்பித்த மர அறுவை ஆலை இருக்கும் சின்னத் தீவு, பாலம் உண்டு. குழந்தைகளும் பெண்மணிகளும் ஆலையைப் பார்க்கப் போனார்கள். நானும் பிள்ளையும் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தூரத்தில் ஒரு வெள்ளைக் கப்பல். அப்போதுதான் நாற்பது வருஷமாகச் சொல்லாததை அவனிடம் சொன்னேன்.

1985 ஆகஸ்ட். பகல் இரண்டு மணிக்கு ஆபீஸுக்குத் தந்தி வந்தது. அம்மா காலமாகிவிட்டாள். அடுத்த கப்பலுக்கு ஐந்து நாள். விமானம் வாரத்தில் சில நாள்தான். அடுத்தது இரண்டு நாள் கழித்து, அதிலும் இடம் இல்லை. வேறொருவர் விட்டுக்கொடுத்த ஒரு இடத்தில் நான் மட்டும் போய்ச் சேர்ந்தபோது நான்காம் நாள். ஐஸ் பாளம் வைத்து ஒரு நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, தம்பி கொள்ளி வைத்திருக்கிறான். மூத்த பிள்ளை நான். நான் செய்ய வேண்டியதை அவன் செய்தான். வாசலில் நின்ற என்னைப் பார்த்து அப்பா, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

என் பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவோடு போர்ட் பிளேரிலேயே இருந்துவிட்டான். பாட்டி போனது தெரியும். நான் போய்ச் சேரவில்லை என்பது தெரியாது. கேட்டுவிட்டு வெகுநேரம் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அப்பா, 2021 மே மாசம் நீ கோவிட்ல பதினோரு நாள் ஆஸ்பத்திரியில இருந்தியே, நான் மூணு தடவை டிக்கெட் போட்டு மூணு தடவை கேன்ஸல் பண்ணினேன். வந்தாலும் உன்னைப் பார்க்க விட மாட்டான்னா. திரும்பி உள்ளே விடுவானா, ரூல் எப்போ மாறும்னும் தெரியலை. ராத்திரியெல்லாம் போனைக் கையில வெச்சுண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வீட்டுக்கு வந்தப்புறம் இதை எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

அப்படிப்பட்டவனைப் பார்த்துத்தான் 2022-இல் நான் "வந்துட்டுப் போறவன்" என்று சொல்லியிருக்கிறேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்புடா" என்றேன். "விடுப்பா" என்றான். அவ்வளவுதான் பேசினோம். அப்பா பிள்ளைகள் இதற்கு மேல் பேசுவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

அடுத்த நாள் ஹேவ்லாக் போனோம். 2018 டிசம்பர் 30 முதல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். 1943-இல் அதே தேதியில் நேதாஜி போர்ட் பிளேரில் கொடி ஏற்றியதன் நினைவாக வைத்தது. ராதாநகர் கடற்கரையின் மணலைப்பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பேரன் ஒரு செத்த பவளத் துண்டை எடுத்துப் பையில் போட்டான். அதைத் திருப்பிப் போடச் சொன்னேன். பவளமும் சங்கும் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். "நம்ம ஆத்துல ஷோகேஸ்ல இருக்கே தாத்தா?" என்றான். அது 1984-இல் கொண்டுவந்தது. அன்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை என்றேன். நாம் செய்த எல்லாவற்றையும் பேரனும் செய்யலாம் என்பதில்லை.

இனி அந்த 41 நிமிஷ விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மணிக்கு அஸ்தமனம். ஐந்தரைக்கு இருட்டு. போக இடம் இல்லை. நாங்கள் தங்கிய இடத்தில் டி.வி. இல்லை. சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்த பிறகு போர்ட் பிளேரில் இணையம் நன்றாகவே இருக்கிறது. அங்கே இருந்த நாட்களில் பிள்ளை இரவெல்லாம் லாப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்த்தான். ஹேவ்லாக்கில் நாங்கள் இருந்த மூலையில் அது விட்டு விட்டுத்தான் வந்தது. மூன்று சாயங்காலம், தினம் நான்கு மணி நேரம், ஆறு பேரும் ஒரு தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். சென்னையில் இருபது வருஷமாகக் கிடைக்காத நேரம்.

முப்பதாம் தேதி மாலை, குழந்தைகள் சீட்டாடிக்கொண்டிருந்தபோது நான் பேச்சை எடுத்தேன். எனக்கு 76, என் மனைவிக்கு 71. யாருக்காவது திடீரென்று ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று இப்போதே பேசிவிடலாம் என்றேன். கோப்பில் குறிப்பு வைப்பதுபோல் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "நீ பதறிண்டு வர வேண்டாம். சித்தப்பா பிள்ளை சென்னையில இருக்கான். அவன் பண்ண வேண்டியதைப் பண்ணட்டும். யாரையும் காக்க வைக்கக் கூடாது. நீ சாவகாசமா பத்துக்கு வந்தாப் போதும். உனக்குக் குற்ற உணர்ச்சியே வேண்டாம்." எனக்கு நடந்தது என் பிள்ளைக்கு நடந்தால் அதை அவன் மனசில் சுமக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் திருப்தி.

என் மனைவி காய் நறுக்குவதுபோல் நிதானமாகச் சொன்னாள்: "அது உங்களுக்கு. எனக்கு வேண்டாம். நான் காத்துண்டு இருப்பேன். அவன் வந்து பார்க்கட்டும். ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை."

எனக்குப் பேச்சே வரவில்லை. 51 வருஷக் குடித்தனத்தில் இந்த ஒன்றை நான் அவளிடம் கேட்டதில்லை. என் அபிப்பிராயமே அவள் அபிப்பிராயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "ஏன் முன்னாடி சொல்லலை?" என்றேன். "நீங்க கேட்கலையே" என்றாள். என் பிள்ளை எழுந்து போய் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டான். நாற்பத்தெட்டு வயது. மாட்டுப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, இருபத்தஞ்சு மணி நேரத்துல வந்துடுவோம். நான் டைம் பார்த்து வெச்சிருக்கேன்" என்றாள். அவளும் யாருக்கும் சொல்லாமல் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்!

அதன் பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது. அன்று இரவும் மறுநாளும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். ஆஸ்பத்திரியில் முடிவு எடுக்க வேண்டி வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது. எந்த அளவுக்கு மேல் சிகிச்சை வேண்டாம். உயில் எங்கே, வங்கிக் கணக்குகளில் நாமினி யார், லாக்கர் சாவி எங்கே. அவருக்கு என்ன ஏற்பாடு, அவளுக்கு என்ன ஏற்பாடு என்று தனித்தனிப் பக்கம். வீட்டை விற்கும் பேச்சும் வந்தது. இந்தத் தடவை சண்டை இல்லை. மாடிப்படி ஏற முடிகிற வரை இங்கே. முடியாதபோது கோயம்புத்தூர் என்று தீர்மானம். 2026 கோடையில் பேத்தி ஒரு மாதம் தனியாக எங்களோடு வந்து இருப்பதாகச் சொன்னாள்.

ஜனவரி 2-ஆம் தேதி சென்னை திரும்பினோம். மிச்சம் இருந்த நாட்களில் எல்லார் வீட்டுக்கும் போக முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் நம் வீட்டுக்கே காபி, டிபனுக்கு அழைத்துவிட்டோம். இரண்டு பேருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், பொங்கலுக்குள் சரியாகிவிட்டது.

அன்பர்களே, எல்லோரும் அந்தமான் போங்கள் என்று நான் சொல்லவில்லை. செலவும் இருக்கிறது, உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். ஏற்காடோ, குற்றாலமோ, ஏன், கதவைச் சாத்திக்கொண்டு நம் வீடேகூடப் போதும். அனுபவத்தில் கண்ட சில யோசனைகளை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

பிள்ளைகள் வரும் மூன்று வாரத்தில் நான்கைந்து நாளாவது எந்த உறவினரும், எந்த வேலையும் இல்லாத நாட்களாக முன்கூட்டியே ஒதுக்குங்கள். அவர்கள் வருவதற்குள் வங்கி, ஆதார் வேலைகளில் நம்மால் முடிந்ததை நாமே முடித்துவைக்கலாம். தீவிரமான பேச்சைப் புறப்படும் முதல் நாள் இரவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று எல்லோருக்கும் மனசு புண்ணாக இருக்கும், எதைத் தொட்டாலும் வலிக்கும். நம் காலத்தில் நாமும் யாரையோ விட்டுத் தூர தேசத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள்தான். டில்லி, கல்கத்தா, பம்பாய், அந்தமான் எல்லாம் அன்றைக்கு அமெரிக்காதான். நமக்கு அப்போது என்ன ஆயிற்று என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களும் நம்மிடம் எதையோ சொல்லாமல் வைத்திருப்பார்கள். நாம் ஆரம்பித்தால்தான் அது வெளியே வரும்.

கடைசியாக, ஆண்களுக்கு ஒரு விண்ணப்பம். ஏற்பாடுகளை எல்லாம் நீங்களே யோசித்து முடித்துவிட்டு, 'எங்காத்துல எல்லாம் பேசியாச்சு' என்று திருப்திப்படாதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் மனைவியிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். பதில் நீங்கள் நினைத்ததாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.